முதற் பாடம் கட்டளை வரியிலே அமைக

விழா மலர்களிலே பழைய மாணவர் எழுதுங் கட்டுரைகள் பெரும்பாலும் பழைய நினைவுகளையே பொருளாகக் கொண்டு வருவது வழக்கம். ஆசிரியரின் பிரம்பும், விடுதிச்சாலையின் உணவும், மைதானத்திற் பெற்ற வெற்றியும் அவற்றில் இடம்பெறும். அவை இனியன, அவற்றை எழுதுதற்கு எம்மினும் வல்லார் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறானது. ஜாவா என்னும் கணினி மொழியைக் கற்கப் புகும் மாணவனுக்கு முதற் பாடம் எங்கே தொடங்கல் வேண்டும் என்பதே அது. படங்களும் பொத்தான்களும் நிறைந்த விருத்திச் சூழலிலா, அன்றி எழுத்தால் மாத்திரம் ஆணையிடுங் கட்டளை வரியிலா? கட்டளை வரியிலேதான் என்பது எம் துணிபு. அத்துணிபுக்கு யாம் வந்த வரலாற்றையும் அதற்குரிய காரணங்களையும் ஈண்டுக் கூறுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எமது தொழிலகத்துக்கு இளைஞரைத் தெரிவு செய்யுங் குழுவில் யாமும் ஒருவராக அமர்ந்திருந்தோம். அன்று வந்தோர் மூவர். மூவரும் பட்டதாரிகள்; ஜாவாவில் நல்ல புள்ளிகள் பெற்றவர்கள். மடிக்கணினியொன்றை அவர்கள் முன் வைத்தோம். அதில் ஜாவா விருத்திக் கருவித் தொகுதியும், உரை எழுதுதற்குரிய எளிய கருவியொன்றும் அன்றி வேறெதுவும் இல்லை. பத்து எண்களின் சராசரியைக் காணுஞ் செய்நிரலொன்றை எழுதுமாறு பணித்தோம். மூவரும் செவ்வனே எழுதினர். "இனி இதனை இயக்கிக் காட்டுங்கள்" என்றபோதுதான் ஒருவர்பின் ஒருவராக மூவருந் திகைத்தனர். அவருள் ஒருவர், "ஐயா, இதில் இயக்கும் பொத்தானைக் காணவில்லையே" என்று மெல்லக் கூறினார். அவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் அல்லர். தொகுத்தல் ஒரு செயல், இயக்குதல் மற்றொரு செயல் என்பதை எவரும் அவர்களுக்குக் காட்டியதில்லை. பச்சை அம்புக்குறியை அழுத்தினால் விடை வரும் என்பதே அவர்கள் கற்ற பாடம். அன்று மூவரையுந் திருப்பி அனுப்பினோம். ஒரு பிற்பகலிற் கற்பிக்கக்கூடிய ஒன்றின் பொருட்டு மூன்று இளைஞரைத் திருப்பி அனுப்பிய குழுவில் யாமும் இருந்தோம் என்னும் எண்ணம் இன்றும் எம்மை உறுத்துகின்றது. குறை அவர்களுடையதா, அவர்களுக்குக் கற்பித்த நம் தலைமுறையினுடையதா என்று எண்ணியபோது எழுந்ததே இக்கட்டுரை.

ஜாவா பிறந்த வரலாற்றைச் சிறிது நோக்குவோம். 1991 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவிலே சண் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கொஸ்லிங் முதலியோர், வீட்டு மின்கருவிகளுக்கேற்ற மொழியொன்றை ஆக்க முற்பட்டனர். அக்கருவிகள் பலவகைப்பட்டன, ஒவ்வொன்றினுள்ளும் இருந்த முறைவழியாக்கி வெவ்வேறானது. ஒன்றுக்கென எழுதியது மற்றொன்றில் ஓடாது. ஆகவே, ஒருமுறை எழுதித் தொகுத்ததை எப்பொறியிலும் இயக்கத்தக்க வழியொன்றை அவர்கள் தேடினர். ஓக் என்று முதலிற் பெயர் பெற்றிருந்த அம்மொழி, ஜாவா என்னும் பெயரோடு 1995 ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அதன் முதலாவது விருத்திக் கருவித் தொகுதி 1996 ஆம் ஆண்டு சனவரியில் வெளிவந்தது. 2010 இல் அந்நிறுவனம் ஒறாக்கிள் நிறுவனத்தின் கைக்கு மாறியது. மொழியும் பலவாறு வளர்ந்தது. ஆயினும் தொகுத்தல், இயக்குதல் என்னும் இரண்டு படிகளும் அதன் அடிப்படையாக இன்றும் நிலைத்துள்ளன.

இவ்விரு படிகளையும் நம் வீட்டு அடுக்களையைக் கொண்டு விளக்கலாம். அரிசியை ஊறவைத்து, இடித்து, அரித்து, மாவை வறுத்து எடுத்து வைப்பது ஒரு வேலை. அம்மாவைக் குழைத்து நீற்றுப்பெட்டியிலிட்டுப் பிட்டாக அவிப்பது மற்றொரு வேலை. கொழும்பிலே தொழில் பார்க்கும் மகனுக்குத் தாய் அரிசியை அனுப்புவதில்லை. அவித்த பிட்டையும் அனுப்புவதில்லை. வறுத்த மாவையே பொதி செய்து அனுப்புகின்றாள். நீற்றுப்பெட்டி எவ்வீட்டில் உண்டோ அவ்வீட்டில் அம்மா பிட்டாகும். ஜாவாவின் முறையும் இத்தகையதே. நாம் எழுதும் மூலக்கோப்பு அரிசி. தொகுப்பி அதனைப் பைற்றுக் குறிமுறையாக்கித் தருவது வறுத்த மா. ஒவ்வொரு கணினியிலும் உள்ள ஜாவா மெய்நிகர் பொறியே நீற்றுப்பெட்டி. விண்டோஸ் கணினியிலே தொகுத்த கோப்பு, லினக்ஸ் கணினியில் மீண்டுந் தொகுக்கப்படாமலே இயங்குவதன் இரகசியம் இதுவே. பச்சை அம்புக்குறியை மாத்திரம் அறிந்த மாணவன் பிட்டை அறிவான், மாவை அறியான்.

கட்டளை வரியில் இப்பாடம் எவ்வாறு நிகழும் என்று பார்ப்போம். மாணவன் எளிய உரைக்கருவி ஒன்றிலே ஒரு வகுப்பை எழுதுகின்றான். அவ்வகுப்புக்கு 'வணக்கம்' என்று தமிழிலேயே பெயரிடலாம். யுனிக்கோட் எழுத்துகளைப் பெயர்களில் ஜாவா தொடக்கம் முதல் ஏற்றுக்கொண்டு வந்திருக்கின்றது. அவ்வகுப்புப் பொதுவானது என அறிவிக்கப்பட்டிருப்பின் கோப்பின் பெயரும் 'வணக்கம்' என்றே இருத்தல் வேண்டும். அதன் பின் புள்ளியும் 'ஜாவா' என்னும் ஈறும் வருதல் வேண்டும். பெயர் மாறுபட்டால் தொகுப்பி உடனே மறுக்கும். பின்னர்க் கறுப்புத் திரையிலே 'ஜாவாசி' என்னுங் கட்டளையைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஈற்றோடு கூடிய கோப்பின் முழுப்பெயரையுந் தருகின்றான். பிழை இல்லையாயின் தொகுப்பி யாதுங் கூறாது. திரை மீண்டும் அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்கும். மௌனஞ் சம்மதத்துக்கு அறிகுறி என்பது இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மை. பாராட்டை எதிர்பார்த்திருக்கும் மாணவன் முதன்முறை ஏமாற்றமடைவான். கோப்புறையைத் திறந்து பார்த்தால் 'கிளாஸ்' என்னும் ஈறு கொண்ட புதிய கோப்பொன்று அங்கே இருக்கும். தன் கையால் உண்டான பொருளொன்றைக் காணும் மகிழ்ச்சி அப்பொழுது அவனுக்குக் கிட்டும்.

அப்புதிய கோப்பை எண்களாகத் திறந்து பார்க்குமாறு ஆசிரியர் சொல்லலாம். அதன் முதல் நான்கு பைற்றுகளும் எக்காலத்தும் ஒன்றே. அவற்றை ஓர் எண்ணாக வாசித்தால் 3405691582 என வரும். பதினறும எண்முறையில் எழுதினாலோ 'கஃபே', 'பேப்' என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களாக அவ்வெண் தோன்றும். ஜாவாவை ஆக்கியோரின் குறும்பு அது. இவ்வடையாளம் இல்லாத கோப்பை மெய்நிகர் பொறி ஏற்காது. இத்தகைய சிறு செய்தி ஒன்று, நூலிலே பத்துப் பக்கம் படிப்பதினும் ஆழமாக மாணவன் மனத்திற் பதியும் என்பது எம் அநுபவம்.

அடுத்தது இயக்குதல். இதற்கு 'ஜாவா' என்னுங் கட்டளையைத் தட்டி, வகுப்பின் பெயரை மாத்திரம் தருதல் வேண்டும். 'கிளாஸ்' என்னும் ஈற்றைச் சேர்த்தல் கூடாது. யாம் முதன்முதலாக இதனைச் செய்தபோது அவ்வீற்றையுஞ் சேர்த்துத் தட்டிவிட்டு, 'முதன்மை வகுப்பைக் காணமுடியவில்லை' என்னுஞ் செய்தியைப் பார்த்து ஒரு மாலைப்பொழுது முழுவதும் மயங்கியிருந்தோம். கோப்போ கண்முன்னே இருந்தது. கணினியோ காணவில்லை என்றது. காரணம் பின்னரே புலப்பட்டது. தொகுப்பிக்கு நாம் கொடுப்பது கோப்பின் பெயர். மெய்நிகர் பொறிக்குக் கொடுப்பது வகுப்பின் பெயர். புள்ளியிட்டு எழுதியதை அப்பொறி, 'வணக்கம்' என்னும் பொதிக்குள் இருக்கும் 'கிளாஸ்' என்னும் வகுப்பு எனக் கருதித் தேடிற்று. அப்படியொரு வகுப்பு எங்கும் இல்லை. பொறி கூறியது முற்றும் உண்மையே. எம் வினாவே தவறானது. அம்மாலை வீணாயிற்று என்று அன்று எண்ணினோம். கோப்பு வேறு, வகுப்பு வேறு என்பதை அம்மாலையே எமக்குக் கற்பித்தது என்று இன்று எண்ணுகின்றோம்.

பிழைகள் இருவகைப்படும் என்பதும் இங்கே தானே விளங்கும். வரியின் ஈற்றில் அரைப்புள்ளி விடுபட்டால் தொகுப்பியே தடுத்துவிடும். கோப்பின் பெயர், வரியின் எண், பிழையின் தன்மை ஆகியவற்றைக் கூறி, இடத்தையுங் கூர்ங்குறியாற் சுட்டும். அரிசியிற் கிடந்த கல்லை அரிக்கும்போதே கண்டெடுத்தது போன்றது இது. ஆனால் ஒருவர் தட்டித்தந்த முழுவெண்ணால் மற்றொரு முழுவெண்ணை வகுக்கும்போது அவர் பூச்சியத்தைத் தந்துவிட்டால் என்செய்வது? தொகுப்பி அதனை முன்னறிய மாட்டாது. இயங்கும்போதே செய்நிரல் இடையில் நின்று, எந்த வரியில் இடறியது என்று மெய்நிகர் பொறி சொல்லும். முன்னையது எழுத்தின் பிழை. பின்னையது எண்ணத்தின் பிழை. இரண்டும் ஒரே சாளரத்தில் ஒரே செந்நிறத்திலே தோன்றும்போது மாணவன் அவற்றின் வேறுபாட்டை உணர்வது அரிது. இரண்டு கட்டளைகளைத் தானே தட்டியவனுக்கோ, எக்கட்டளையின் பின் பிழை வந்தது என்பதே பாதி விடையாகும்.

இன்னும் ஒன்று. கட்டளை வரியில் நிற்பவன் தான் எக்கோப்புறையில் நிற்கின்றான் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். பொதிக்குள் வைத்த வகுப்பை அப்பொதியின் கோப்புறைக்குள் நின்று வெறும் பெயரால் அழைத்தால் வராது. பொதிகளின் வேர் இருக்கும் இடத்தில் நின்று முழுப்பெயரால் அழைத்தல் வேண்டும். பிறர் எழுதிய வகுப்புகளைத் துணைக்கொள்ளும்போது அவை இருக்கும் இடங்களை வகுப்புப் பாதையாகக் குறிப்பிடல் வேண்டும். அவ்விடங்களைப் பிரித்தற்கு விண்டோஸிலே அரைப்புள்ளியும், லினக்ஸிலே முக்காற்புள்ளியும் வழங்கும். பழைய தொகுதியொன்றையுடைய கணினிக்குப் புதிய தொகுதியில் தொகுத்த கோப்பை வாளா கொண்டு சென்றால், பதிப்பு மேற்பட்டது என்று அது மறுக்கும். வகுப்புக் கோப்பில் 8 ஆம் பதிப்புக்கு 52 எனவும், 17 ஆம் பதிப்புக்கு 61 எனவும், 21 ஆம் பதிப்புக்கு 65 எனவும் எண் பொறிக்கப்படுவதை அறிந்தவன் அம்மறுப்பைக் கண்டு கலங்கான். விருத்திச் சூழல் இவற்றையெல்லாம் தானே பார்த்துக்கொள்கின்றது என்பர். உண்மையே. அது பார்த்துக்கொள்ளத் தவறும் நாளில் யார் பார்ப்பார் என்பதே எம் வினா.

தமிழ் எழுதும் நமக்கு இதிலே தனியாகவும் ஒரு நன்மை உண்டு. 2022 ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 18 ஆம் பதிப்புக்கு முன்னர், தொகுப்பி மூலக்கோப்பை அந்தந்தக் கணினிக்கு இயல்பான எழுத்துக் குறிமுறையிலே வாசித்தது. விண்டோஸ் கணினிகளில் அக்குறிமுறை பெரும்பாலும் மேலைநாட்டு எழுத்துகளுக்கு அமைந்ததாதலின், யுரிஎப்-8 முறையிற் சேமித்த தமிழ்ச் சொற்கள் உருக்குலைந்து போயின. கட்டளையோடு குறிமுறையின் பெயரையுஞ் சேர்த்துத் தட்டினால் அக்குறை நீங்கும். 18 ஆம் பதிப்பு முதல் யுரிஎப்-8 முறையே இயல்பாயிற்று. ஆயினும் கறுப்புத் திரை தமிழைக் காட்டாது வினாக்குறிகளை வரிசையாகக் காட்டுதல் இன்றும் நேரக்கூடும். 'ஜாவாவுக்குத் தமிழ் வராது' என்று கைவிட்டார் சிலரை யாம் கண்டிருக்கின்றோம். குறை ஜாவாவில் இல்லை. கோப்பு, தொகுப்பி, திரை என்னும் மூன்று இடங்களுள் ஒன்றில் இருந்தது. மூன்றையும் வேறுபடுத்திக் காணக் கற்றவனே தமிழிற் செய்நிரல் எழுதத் துணிவான்.

இனி, எம் கருத்துக்கு மாறானவர் கூறுவனவற்றையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். கறுப்புத் திரையைக் கண்டு இளம் மாணாக்கர் அஞ்சுவர், அஞ்சியவர் பாடத்தையே விட்டுவிடுவர் என்பது முதலாவது தடை. இதனை யாம் புறக்கணிக்கவில்லை. அவுஸ்திரேலியாவின் மொனாஷ் பல்கலைக்கழகத்திலே மைக்கல் கோலிங், ஜோன் றோசன்பேக் என்னும் இருவர், தொடக்க மாணவருக்கென்றே புளூஜே என்னும் எளிய சூழலை 1999 ஆம் ஆண்டளவில் ஆக்கியளித்ததும் இவ்வச்சத்தைப் போக்குதற்கே. அது நல்ல கருவி. ஆயினும் அச்சத்துக்குக் காரணம் திரையின் நிறம் அன்று. வருஞ் செய்தியை வாசிக்கத் தெரியாமையே. முதல் நாளிலேயே ஆசிரியர் வேண்டுமென்று ஒரு பிழையைச் செய்து, அதன் செய்தியை மாணவரோடு கூடியிருந்து வாசித்துக் காட்டினால் அச்சம் பெரும்பாலும் அகலும்.

இரண்டாவது தடை சற்று வலியது. ஜாவாவே இப்பொழுது இரண்டு படிகளை ஒன்றாக்கி விட்டதே என்பர். 2018 ஆம் ஆண்டின் 11 ஆம் பதிப்பு முதல், தனிக்கோப்பாக அமைந்த செய்நிரலை 'ஜாவா' என்னும் ஒரே கட்டளையால் நேரே இயக்கலாம். 2024 இன் 22 ஆம் பதிப்பு பல கோப்புகளுக்கும் அவ்வசதியை விரித்தது. 2025 ஆம் ஆண்டு செத்தெம்பரில் வந்த 25 ஆம் பதிப்பிலே வகுப்பின் அறிவிப்புங்கூட இன்றிச் சிறு செய்நிரலை எழுதலாம். இவை தொடக்க மாணவருக்குப் பெருந்துணை என்பதை ஒப்புக்கொள்கின்றோம். முதல் நாளில் இவற்றைப் பயன்படுத்தலிற் பிழையில்லை. ஆனால் அங்குந் தொகுத்தல் நிகழ்ந்தே தீரும். வகுப்புக் கோப்பு வட்டில் எழுதப்படாமல் நினைவகத்தில் மறைந்து நிற்கின்றது, அவ்வளவே. மறைந்து நிற்பதை முன்னொருமுறை கண்டவனுக்கு அது வசதி. காணாதவனுக்கு அது மாயம். மேலும், இவ்வசதியுங் கட்டளை வரியின் வசதியே ஆதலின், எம் கருத்துக்கு அது முற்றும் பகையும் அன்று.

தொழில் செய்வோர் அனைவரும் விருத்திச் சூழலையே பயன்படுத்துகின்றனரே என்பது மூன்றாவது தடை. யாமும் பயன்படுத்துகின்றோம், ஆயிரக்கணக்கான கோப்புகளையுடைய வேலையிலே அதனை விடுதல் பேதைமை. ஆனால் வங்கியிலோ வைத்தியசாலையிலோ செய்நிரல் ஈற்றில் ஓடுஞ் சேவையகக் கணினிகளுட் பலவற்றுக்குப் படத்திரையே கிடையாது. நள்ளிரவில் அங்கே ஒன்று நின்றுபோனால், தொலைவிலிருந்து கட்டளை வரி வழியாகவே அதனை அணுகுதல் வேண்டும். அவ்வேளையிற் பச்சை அம்புக்குறி உதவாது. மேவன், கிறேடில் முதலிய கட்டுமானக் கருவிகளும் நமக்காகச் செய்வது தொகுத்தல், பாதை காட்டுதல், பொதியாக்குதல் ஆகிய அதே வேலைகளையே.

செலவையும் எண்ணுதல் வேண்டும். பெரிய விருத்திச் சூழல்கள் பல கிகாபைற்று நினைவகத்தை வேண்டுவன. கல்லூரிக் கூடங்களிலும் ஏழை மாணவரின் இல்லங்களிலும் இருப்பனவோ பெரும்பாலும் பழைய கணினிகள். ஜாவாவின் மூலநிரலைத் திறந்த உரிமத்தின்கீழ் வெளியிடுவதாகச் சண் நிறுவனம் 2006 இல் அறிவித்தது. அதன்வழி வந்த ஓப்பின்ஜேடிகே தொகுதியை எவரும் இலவசமாகப் பெறலாம். அதுவும் ஓர் எளிய உரைக்கருவியும் இருந்தாற் பழைய கணினியும் போதும். கணினி பழையது என்பதனால் ஒரு மாணவன் பின்தங்க வேண்டிய நியதி இல்லை. பழைய மாணவர் சங்கம் புதிய பொறிகளை வாங்கித் தருவது நன்று. அவை வருமளவும் பாடத்தை நிறுத்தி வைப்பது நன்றன்று.

ஆதலின் யாம் வேண்டுவது சிறிது. ஜாவா கற்பிக்கும்போது முதல் எட்டுப் பாடவேளைகளைக் கட்டளை வரிக்கென ஒதுக்குக. முதலாவதில் கோப்புறைகளிடையே நடக்கப் பழகுக. இரண்டாவதில் எழுதித் தொகுக்க. மூன்றாவதில் வேண்டுமென்றே பிழை செய்து செய்திகளை வாசிக்க. பல பிழைகள் ஒருங்கே வந்தால் முதலாவதையே முதலில் திருத்தல் வேண்டும் என்பதை அறிக. நான்காவதில் இயக்குக. ஐந்தாவதில் இயங்கும்போது நேரும் பிழைகளைக் காண்க. ஆறாவதில் கட்டளையோடு சேர்த்துத் தரும் சொற்களைச் செய்நிரல் எவ்வாறு பெறுகின்றது என்று பார்க்க. அவற்றின் எண் பூச்சியத்திலே தொடங்குவதையுங் குறிக்க. ஏழாவதிற் பொதியும் வகுப்புப் பாதையும் பயில்க. எட்டாவதில், விண்டோஸ் கணினியில் தொகுத்த வகுப்புக் கோப்பைப் பென்டிரைவிலே எடுத்துச் சென்று, அதே பதிப்பையுடைய லினக்ஸ் கணினியில் இயக்கிக் காட்டுக. ஒன்பதாம் வேளை முதல் எவ்விருத்திச் சூழலையும் மனமகிழ்ந்து பயன்படுத்துக. தவணைப் பரீட்சையில், பிழைச் செய்தியொன்றைக் கொடுத்து அதன் காரணத்தைக் கேட்கும் வினா ஒன்றேனும் இடம்பெறுக.

இப்பாடத்தை நடத்துதற்குப் புதிய கட்டிடம் வேண்டுவதில்லை, நிதி வேண்டுவதில்லை, ஆசிரியரோடு துணையிருந்து மாணவரின் திரையை எட்டிப் பார்க்கும் பழைய மாணவர் இருவர் மூவர் வேண்டும். கணினித் துறையில் இருக்கும் எம் நண்பர்கள் ஆண்டுக்கு எட்டுப் பாடவேளைகளைக் கல்லூரிக்குத் தருதல் அரிதன்று. அப்பணிக்கு முதலாவதாக எம் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு சங்கத்தாரை வேண்டுகின்றோம். அன்று திருப்பி அனுப்பிய அம்மூவருக்கும் யாம் இனி எதுவுஞ் செய்ய இயலாது. எம் கல்லூரியிலிருந்து நாளை அத்தகைய மேசையொன்றின் முன் அமரும் மாணவன், பொத்தானைத் தேடித் திகையாமல், தட்டவேண்டிய இரண்டு சொற்களையும் அறிந்தவனாய் அமர்தல் வேண்டும் என்பதே எம் அவா.